முதலில் நரம்பை இழுக்கச் சொன்னவர்

கம்பவுண்டரிடம் யார் வழி கேட்டாலும் சொல்லுவார். கேட்கிற ஊர் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஒருமுறை புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று சந்தவாசல் டீக்கடை முன்னால் வந்து நின்று, மலைமேல் ஏதோ ஒரு ஊரின் பேரைச் சொல்லி வழி கேட்டது. அங்கே இருந்த நாங்கள் ஆறு பேரும் அந்தப் பேரைக் கேள்விப்பட்டதே இல்லை. கம்பவுண்டர் டீயைக் குடித்து முடித்து, கிளாசைக் கீழே வைத்து, "ஓடைய தாண்டி எடது கைப் பக்கம் ஏறுங்க. ஒரு மணி நேரம், அவ்ளோதான்" என்றார். பட்டுப் புடவையும் தூக்குச்சட்டியுமாக அவர்கள் போனார்கள். பொழுது சாயும் நேரத்துக்கு அந்தப் பெண் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அழுது வீங்கிய கண்ணோடு திரும்பி வந்தாள். மாப்பிள்ளை சண்டைக்கு வந்தான். கம்பவுண்டர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்து, "எடது பக்கம் ரெண்டு பாதை கீதுப்பா. நீ மொதல் பாதைல ஏறியிருப்ப" என்றார்.

அவ்வளவுதான் அவர். ஒன்பது வருஷம் பழகியிருக்கிறேன். 'தெரியாது' என்று அவர் வாயால் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. தப்பாகப் போனால், சொன்னது தப்பில்லை, கேட்டவன் செய்த விதம்தான் தப்பு. எழுபதுகளின் கடைசியில் நடந்த கதை இது. இன்றைக்கும் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று ஆசையும் இல்லை.

எங்கள் ஊர் டிஸ்பென்சரிக்கு டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் போளூரிலிருந்து வருவார். மற்ற ஐந்து நாளும் கம்பவுண்டர்தான் டாக்டர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிய வகிடு. மாடு சினையா என்று கேட்டாலும் பதில் உண்டு, மழை எப்போது என்று கேட்டாலும் உண்டு. நல்லவர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்குக் காசு வாங்காமல் மருந்து கொடுப்பார். கொட்டுகிற மழையில் சைக்கிள் மிதித்துப் போய்ப் பிரசவத்துக்கு உதவியிருக்கிறார். என் அம்மாவின் காய்ச்சலுக்கு மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். கெட்டவராக இருந்திருந்தால் அவர் பேச்சை யாரும் கேட்டிருக்க மாட்டோம், பிரச்சினையே வந்திருக்காது. எனக்கு எரிச்சலே அதில்தான்.

ஏன் இப்படி எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறீர்கள் என்று ஒருமுறை நானே கேட்டேன். நோவோடு வருகிறவனிடம் தெரியாது என்று சொன்னால் அவன் மனசு விட்டுவிடுவான், பாதி வைத்தியமே தைரியம்தான் என்றார். அப்போது அது எனக்குப் பெரிய வார்த்தையாகப் பட்டது. மடையன் நான்.

எங்கள் கபடி செட்டுக்கு அவர் டிரெய்னர் ஆனதும் இப்படித்தான். யாரும் கூப்பிடவில்லை. ஒருநாள் ஏரிக்கரை மைதானத்துக்கு வந்தார், நாங்கள் ஆடுவதைப் பார்த்தார், நீங்கள் ஆடுகிற முறையே சரியில்லை என்றார். மறுநாளிலிருந்து காலை ஐந்தரைக்கு வந்துவிடுவார். அவர் வீடு நாலு மைல் தள்ளி. சைக்கிளில் வந்து இறங்கி, கைக்குட்டையால் நெற்றி வியர்வையைத் துடைத்து, பேண்ட்டில் மாட்டிய கிளிப்பைக் கழற்றுவார். நாங்கள் போர்வையை உதறிவிட்டு அப்படியே வந்து, கரைமேல் குந்திக்கொண்டு, வேப்பங்குச்சியை மென்றுகொண்டு இருப்போம். எங்கள் முன்னால் வந்து நின்று, முட்டியை மடக்காமல் குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் தரையில் பதிப்பார்.

"பாருங்கடா. எனுக்கு அம்பத்திரண்டு. ஒங்களுக்கு இன்னா கேடு?"

எங்களில் ஒருவனுக்கும் விரல் முட்டிக்குக் கீழே போகாது. வெட்கமாக இருக்கும். அவர் சட்டம் ஒன்றே ஒன்று. முதலில் கால்மணி நேரம் நரம்பை இழுத்துவிட வேண்டும், அப்புறம்தான் ஓட்டம். இழுக்காமல் ஒருவனும் ஓடக் கூடாது. தூங்கி எழுந்த உடம்பில் நரம்பு முறுக்கிக்கொண்டு இருக்கும், முறுக்கை எடுக்காமல் ஓடினால் அறுந்துவிடும் என்பார். மல்லாக்கப் படுக்க வைத்து, காலை நேராகத் தூக்கி, தன் தோளைக் கொடுத்து அழுத்துவார். மார்கழிப் பனியில் விறைத்துக் கிடக்கிற காலை அப்படி அழுத்தினால் உயிர் போகும். முனகினால், "வலிச்சாதான் இழுக்குதுன்னு அர்த்தம்" என்பார்.

பொன்னன் எங்கள் செட்டில் சேர்ந்தது அதற்கு அடுத்த வருஷம். ஜவ்வாது மலைக்காரன், என் வயசு. மேலே கொஞ்சம் சாமை விதைப்பான். மாசி, பங்குனியில் மூன்று ஊருக்குப் புளியமரம் ஏறுவது அவன்தான். மரம் ஏறுவதில் அவனுக்கு இணை அந்தப் பக்கத்தில் கிடையாது. வருஷா வருஷம் எங்கள் நிலத்துக்கு மல்லாட்டை, அதான் நிலக்கடலை, பிடுங்க இறங்கி வருவான். ஒருநாள் வேலை முடிந்து பையன்களோடு விளையாட்டுக்குக் கபடி ஆடிக்கொண்டிருந்தவனைப் பார்த்தேன். அவன் கால் எட்டுகிற தூரம் இன்னொருவன் கை எட்டாது. அன்றைக்கே செட்டில் சேர்த்துக்கொண்டேன், நான்தானே கேப்டன். ஆட்டம் பழகுகிற நாளுக்கு முந்தின நாள் சாயங்காலமே இறங்கி வந்து எங்கள் மாட்டுக்கொட்டகையில் படுத்துக்கொள்வான். வீட்டில் இடம் இருந்தது. கொட்டகையில்தான் படுக்க வைத்தேன்.

இரண்டாவது வாரமே அவன் கம்பவுண்டரிடம் கேட்டான். அடக்கமாகத்தான் கேட்டான். "மரத்துல நாங்க மொதல்ல கீழ நின்னுக்கினு தொரட்டியால அடிக்கெளைய உலுக்குவோங்க. ஒடம்பு காயும். வேர்வ வந்தப்பறம்தான் ஏறுவோம், ஏறிதான் கால நீட்டுவோம். எடுத்ததுமே ஏறினவனுக்கு பாதில கால் புடிச்சிக்கும். கபடிக்கும் கொஞ்சம் ஓடிட்டு அப்பால இழுத்தா இன்னாங்க?"

"ஏன்டா, புளியங்கா ஒலுக்கறதும் கபடியும் ஒண்ணாடா?" என்றார் கம்பவுண்டர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொன்னனும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்துவிட்டு மல்லாந்து படுத்தான்.

கொஞ்ச நாள் கழித்து, கிணற்றடியில் கை கால் கழுவும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "ண்ணா, ஒண்ணு சொல்லட்டுங்களா. கம்பவுண்டர் சாரு நாலு மைலு மிதிச்சிக்கினு வர்றாருங்க. அவரு ஒடம்பு காஞ்சி கீது, அதான் வளையுது. நாம தூங்கி எந்திரிச்சி வர்றோம்."

கேட்ட நிமிஷமே அது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றரை வருஷமாகத் தினமும் அவர் வியர்வை துடைப்பதைப் பார்க்கிறேன், எனக்குத் தோன்றவில்லை. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவனுக்குத் தோன்றியிருக்கிறது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? நேராகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவரிடம் அதற்கும் ஒரு பதில் இருக்கும், பத்துப் பேர் முன்னால் என் மூக்கு உடையும் என்று பயந்தேன். அவருக்குத் தெரியாததா, பேசாமல் சொன்னதைச் செய் என்று பொன்னனை அடக்கிவிட்டேன்.

அவன் எதிர்த்துப் பேசவில்லை. கொட்டகையில் படுப்பதை விட்டுவிட்டான். ஆட்டம் பழகுகிற நாளில் விடிவதற்கு முன்னால் மலையிலிருந்து கிளம்பி, ஓட்டமும் நடையுமாக மைதானத்துக்கு வந்து சேருவான். உடம்பில் ஆவி பறக்கும். அவன் காலைக் கம்பவுண்டர் தூக்கினால் தலைவரைக்கும் வந்தது. "பாத்தீங்களாடா, ரெண்டு மாசத்துல ஒரு காட்டாள எப்டி ஆக்கிட்டேன்" என்று எங்களிடம் காட்டினார். பொன்னன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

தை கடைசியில் செங்கத்தில் போட்டி. சுற்றுவட்டாரத்து செட்டுகள் எல்லாம் வரும். எங்களுக்கு முதல் ஆட்டம், காலை ஏழு மணிக்கு. நெல் மூட்டை ஏற்றுகிற லாரியில் இருட்டோடு கிளம்பினோம். திறந்த லாரி, ஊசிக்குத்தலாகப் பனி. இரண்டரை மணி நேரம் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்தோம். இறங்கும்போது எனக்குக் காலே என்னுடையதாக இல்லை. கம்பவுண்டர் முதல் நாளே செங்கத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தார். மச்சான் சைக்கிளை வாங்கிக்கொண்டு, புதுச் சட்டையும் வியர்வையுமாக மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்.

பொன்னன் லாரியிலிருந்து குதித்ததும் மைதானத்து ஓரமாக மெதுவாக ஓட ஆரம்பித்தான். பாதிச் சுற்று ஓடியிருப்பான். "எவன்டா அது, இழுக்காம ஓடறது?" என்று கம்பவுண்டர் சத்தம் போட்டார். பொன்னன் நின்று என்னைப் பார்த்தான். அவரைப் பார்க்கவில்லை, கேப்டனான என்னைத்தான் பார்த்தான். வா என்று கையைக் காட்டினேன்.

வந்து ஈரமண்ணில் படுத்தான். அவர் அவன் வலது காலைத் தூக்கித் தோளில் வைத்து அழுத்தினார். அன்றைக்குக் கால் பாதிக்கு மேல் வரவில்லை. ஜனங்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள், அவருக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. இன்னும், இன்னும் என்று முழு பாரத்தையும் போட்டார். பொன்னன் முகம் கோணிப்போயிற்று. எழுந்து நின்றதும் தொடைப் பின்புறத்தைத் தேய்த்துக்கொண்டான்.

மூன்றாவது முறை பாடிக்கொண்டு எதிராளி பக்கம் போனபோது, மூலையில் நின்றவனைத் தொடக் காலை வீசினான். எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. துணி கிழிகிற சத்தம்தான். அவனைத் தொட்டுவிட்டு அப்படியே குப்புற விழுந்தான். ஆனால் பாட்டை விடவில்லை. கபடி கபடி என்று முனகிக்கொண்டே, கையால் மண்ணைப் பறித்து இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டைத் தொட்டான். எங்களுக்கு ஒரு பாயிண்டு. நடுவர் விசில் ஊதினார், ஜனங்கள் கைதட்டினார்கள். தொடை நீலமாக வீங்கிக்கொண்டிருந்தது.

ஆட்டத்தில் தோற்றோம், அது கிடக்கட்டும். கம்பவுண்டர் எண்ணெயைச் சுடவைத்து வரச்சொல்லி, கிழிந்த தொடையை ஒரு மணி நேரம் போட்டு நீவினார். நீவிக்கொண்டே சொன்னார்: "கால முழுசா இழுக்கவே வுடலடா இவன். பாதிலயே மொனகினான். முழுசா இழுத்திருந்தா இது நடந்தே இருக்காது." கேட்டவர்கள் ஆமாம் என்றார்கள். பொன்னனும் ஆமாம் என்று தலையாட்டினான். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

மூன்றாம் நாள் கம்பவுண்டரே என்னைக் கூட்டிக்கொண்டு மலைக்கு வந்தார். யாரும் சொல்லவில்லை, தானாகத்தான் வந்தார். பஸ் இறங்கி ஒரு மைல் நடந்தோம். பை நிறைய மாத்திரை, எல்லாம் இனாம். பொன்னன் குடிசைக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். தொடை கறுத்துப்போயிருந்தது. அவன் பொண்டாட்டி எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றாள். மாசி பிறந்தால் மரம் ஏற வேண்டும். அந்த வீட்டில் வருஷத்துக்கு உப்பும் துணியும் புளியால்தான். அதை அவள் சொல்லவில்லை, சொல்லாமலே எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"இந்தக் காலு எப்பங்க சரியாவும்?" என்று கேட்டாள்.

கம்பவுண்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கீழே போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "பத்து நாளும்மா. தெனமும் காலைல எந்திரிச்சதும் கதவு நெலைல கால வெச்சி நல்லா இழுத்து வுடச் சொல்லு. பத்தே நாளு" என்றார். அவருக்கு எப்படித் தெரியும்? கிழிந்த சதையை அவர் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. எட்டு என்று வாயில் வந்திருந்தால் எட்டு என்றிருப்பார். அந்தப் பெண் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். வருஷா வருஷம் எங்கள் நிலத்துக்கு வருகிறவள், எங்களை நம்புகிறவள். நான் சரி என்று தலையாட்டினேன்.

பொன்னன் சொன்னபடியே செய்தான். குளிரில் எழுந்ததும் கதவு நிலையில் காலை வைத்து இழுப்பானாம். கண்ணில் தண்ணீர் வருமாம். வலித்தால்தான் இழுக்கிறது என்று அர்த்தம் என அவனே பொண்டாட்டிக்குச் சொல்வானாம். எட்டாம் நாள் காலை மேகம் கட்டியது. பழுத்த புளி நனைந்தால் கறுத்துவிடும். அன்றைக்கும் காலை இழுத்துவிட்டுத்தான் போனான். அடிக்கிளையை நின்று உலுக்க ஊன்றிய காலில் தெம்பில்லை. அதனால் நேராக மரத்தில் ஏறிவிட்டான். இரண்டாவது கிளைக்குக் காலை எட்டி வைக்கும்போது தொடை பிடித்துக்கொண்டது. விழுந்ததில் இடுப்பெலும்பு உடைந்தது. கட்டிலில் வைத்து நாலு பேர் பஸ் ரோடு வரைக்கும் தூக்கி வந்தார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் நாலு மாசம் கிடந்தான். உயிர் தங்கியது. கால் நாலு விரல் குட்டையாகிவிட்டது.

சேதி வந்த அன்று சாயங்காலம் கம்பவுண்டர் டீக்கடையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் வருத்தமாக உச்சுக்கொட்டினார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என்னைக் கேட்டார்: "எத்தினாம் நாளு ஏறினான்?"

எட்டு என்றேன்.

"நான் இன்னா சொன்னேன்? நீதான கூட இருந்த." பத்து விரலையும் விரித்துக் காட்டினார். அங்கே இருந்த எல்லாரும் பொன்னனுக்காக வருத்தப்பட்டார்கள், அவசரக்காரன் என்றார்கள். நான் எழுந்து போய் அவர் சட்டையைப் பிடித்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை, அவரை ஒருமையில் பேசினேன் என்று பிறகு சொன்னார்கள். இரண்டு பேனாவும் கீழே விழுந்தன. ஆட்கள் பிரித்துவிட்டார்கள். அவர் பேனாக்களைப் பொறுக்கித் துடைத்துப் பையில் சொருகிக்கொண்டார். அவருக்குக் கோபமே வரவில்லை. "துக்கத்துல பேசற. வூட்டுக்குப் போ, அப்பால பேசிக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு அவரோடு நான் பேசவில்லை. அவர் சாகும்வரை ஊர் அவரைக் கொண்டாடியது. பாடையைத் தூக்க ஆட்கள் போட்டி போட்டார்கள், நான் போகவில்லை.

வேலூருக்குப் பொன்னனைப் பார்க்கப் போனபோது அங்கிருந்த சின்ன வயசு டாக்டரிடம் கேட்டேன். அவர் நடந்துகொண்டே பதில் சொன்னார். உடம்பைக் கொஞ்சம் ஓடவிட்டுச் சூடாக்கிய பிறகுதான் இழுக்க வேண்டும், குளிர்ந்த சதையை இழுக்கவே கூடாது. கிழிந்த சதையைத் தினமும் இழுத்தால் மறுபடி மறுபடி கிழியும். ஆறு வாரம் சும்மா விட்டிருந்தால் தானாகக் கூடியிருக்கும் என்றார். இதில் என்ன சந்தேகம் என்பது போல என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அதை ஒரு வருஷம் வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தேன். பொன்னனோ போகிற வருகிறவர்களிடம் எல்லாம் 'என் தப்புதான், பெரியவர் பத்து நாள் சொன்னார், நான் எட்டாம் நாளே ஏறிவிட்டேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பொண்டாட்டியே அவனை அதைச் சொல்லித் திட்டுகிறாள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அடுத்த வருஷம் மாசியில் மலைக்குப் போனேன்.

பொன்னனின் மச்சினன் மரத்தின்மேல் இருந்தான். பொன்னன் கீழே பெண்களோடு உட்கார்ந்து, சுத்தியலால் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பத்து என்பது வாயில் வந்த கணக்கு, அவர் பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டு சொன்னது என்றேன். கிணற்றடியில் நீ சொன்னதுதான் சரி, எனக்கு அன்றைக்கே தெரியும் என்றேன். அவர் சொன்னபடி காலை இழுத்து இழுத்துத்தான் புண் ஆறாமல் போயிற்று, உன் தப்பு எதுவும் இல்லை என்றேன். அவன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"எத்தினி நாளு இருந்திருக்கணுமாங்க?" என்று கேட்டான்.

ஆறு வாரம் என்றேன்.

கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு விரலை மடக்கி எண்ணினான். "பங்குனி பாதி வந்திருக்கும். அந்த வருசம் புளி போயிருக்குங்க" என்றான்.

மேலே மச்சினன் கிளையை உலுக்கினான். எங்களைச் சுற்றிப் பழம் உதிர்ந்தது. பொன்னன் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

"இந்த வருசம் ஏறியிருப்பேன்" என்றான்.